கல்லூரியின் தரம் எங்கே தொடங்குகிறது?



பிளஸ் டூ முடிவு வெளியானதும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. "அந்தக் கல்லூரி ஏ பிளஸ் வாங்கியிருக்காமே, பிள்ளையை அங்கேயே சேர்த்துடலாமா?" என்று வாப்பாவும் உம்மாவும் பேசிக்கொள்கிறார்கள். அந்த எழுத்தைத் தருவது யார், எதைப் பார்த்துத் தருகிறார்கள், அதற்காகக் கல்லூரிக்குள் உழைப்பவர்கள் யார் என்பதே இம்மாதப் பாடம். நம் குடும்பங்களில் கல்லூரி ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், நூலகர்கள், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

நாக் என்பது என்ன?

தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று கவுன்சிலைச் சுருக்கமாக 'நாக்' என்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1994-இல் தொடங்கப்பட்ட இந்தத் தன்னாட்சி அமைப்பு பெங்களூருவில் இயங்குகிறது. கல்லூரி முதலில் தன்னைப் பற்றிய 'சுய ஆய்வு அறிக்கை'யை அனுப்ப வேண்டும். 2017-இல் வந்த முறைப்படி மதிப்பெண்ணில் ஏறத்தாழ 70 விழுக்காடு எண்ணிக்கைத் தரவுகளைப் பொறுத்தது. அவற்றை ஆதாரத்தோடு சரிபார்ப்பார்கள். மாணவர்களிடமும் நேரடியாகக் கருத்துக் கேட்பார்கள். பிறகு நேராய்வுக் குழு கல்லூரிக்கு வரும். மொத்த மதிப்பு 4 புள்ளிகள். 3.01 முதல் 3.25 வரை ஏ, 3.50 வரை ஏ பிளஸ், அதற்கு மேல் ஏ பிளஸ் பிளஸ். பொதுவாகச் சான்று 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

எழுத்துத் தரத்தை விட்டு, 'சான்று பெற்றது', 'பெறவில்லை' என்ற முறைக்கு மாறப்போவதாக 2024-இல் நாக் அறிவித்தது. முறை மாறினாலும் ஆதாரம் கேட்பது மாறாது.

ஏழு அளவுகோல்கள்

பாடத்திட்டம், கற்பித்தலும் மதிப்பீடும், ஆராய்ச்சியும் சமூகப் பணியும், கட்டட வசதிகளும் நூலகமும், மாணவர் நலனும் முன்னேற்றமும், நிர்வாகம், நிறுவன விழுமியங்கள் என ஏழு தலைப்புகளில் மதிப்பிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு மொத்தம் 1000-இல் 350, கற்பித்தலுக்கு மட்டுமே உரியது. புதுக் கட்டடம் கட்டி வர்ணம் பூசிவிட்டால் தரம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

நடந்தது வேறு, பதிவானது வேறு

ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள் பக்கத்துக் கிராமத்தில் கண் மருத்துவ முகாம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏராளமான முதியவர்கள் பயன்பெறுகிறார்கள். ஆனால் முதல்வரின் அனுமதிக் கடிதம் கோப்பில் இல்லை. கலந்துகொண்ட மாணவிகளின் கையெழுத்துப் பட்டியல் இல்லை. இடமும் தேதியும் பதிந்த படம் யாரோ ஒருவருடைய கைப்பேசியில் இருந்து அழிந்துபோயிற்று. நான்கு ஆண்டு கழித்து அறிக்கை எழுதும்போது அந்த முகாம் நடக்காததற்குச் சமம்.

நம் கல்லூரிகள் பல, செய்த வேலைக்கு உரிய மதிப்பெண்ணை இப்படித்தான் இழக்கின்றன. குறை பெரும்பாலும் உழைப்பில் இல்லை, பயிற்சியில்தான்.

பணியாளர்களுக்கு என்ன பயிற்சி தேவை?

ஒவ்வொரு கல்லூரியிலும் 'உள்தர உறுதிப் பிரிவு' இருக்க வேண்டும். முதல்வர் அதன் தலைவர். மூத்த ஆசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளர். இந்தப் பிரிவு ஆண்டுதோறும் நாக்குக்குத் தர அறிக்கை அனுப்புகிறது. பணியாளர் பயிற்சியும் இதன் பொறுப்பே. ஒரு நாள் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது பயிற்சி ஆகாது. கீழ்க்கண்டவாறு செய்தால் பலன் உண்டு.

1. முதலில் 'ஏன்' என்பதைச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத எழுத்தருக்கு இது இன்னொரு கோப்புச் சுமை. தன்னாட்சித் தகுதிக்கும் நிதியுதவிகளுக்கும் இந்தச் சான்று கேட்கப்படுகிறது என்று தெரிந்தால் அதே கோப்பைப் பொறுப்போடு பார்ப்பார்.

2. ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நூல் வாங்கிய பில்லும் நூலகத்தின் தினசரிப் பயன்பாட்டுப் பதிவேடும் நூலகரிடம் இருக்கும். தணிக்கை செய்த வரவு செலவு கணக்குப் பிரிவிடம். சேர்க்கை, உதவித்தொகை விவரம் அலுவலகத்திடம். தேர்ச்சி விவரம் துறைத் தலைவரிடம்.

3. உண்மையான வேலையை வைத்தே பழக்க வேண்டும். "சென்ற ஆண்டு உதவித்தொகை பெற்ற மாணவர்கள் எத்தனை பேர்? இன்று மாலைக்குள் ஆதாரத்தோடு காட்டுங்கள்" என்று ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். எந்தத் தாள் கிடைக்கவில்லையோ அதுதான் அன்றைய பாடம்.

4. நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் கோப்பு முடிய வேண்டும். மாத இறுதியில் அரை நாள் ஒதுக்கிச் சரிபார்க்க வேண்டும்.

5. ஆள் மாறினாலும் வேலை நிற்கக் கூடாது. ஒருங்கிணைப்பாளர் ஓய்வு பெறும்போது ஐந்தாண்டுத் தரவும் அவருடைய சொந்த மடிக்கணினியோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. குறைந்தது இருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு பயிற்சியும் அவசியம். ஒரு தாளில் 60 பேரில் 25 பேர் தேறவில்லை என்று கொள்வோம். அந்த எண்ணைப் பதிந்துவிட்டு நகர்வது வெறும் ஆவணம். எந்தப் பாடப் பகுதியில் இடறினார்கள் என்று பார்த்து, சிறப்பு வகுப்பு வைத்து, அடுத்த தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கணக்கிடுவதுதான் தர உறுதி. சான்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். தரம் அன்றாடப் பழக்கம்.

பொய்க் கணக்கு வேண்டாம்

கடைசி மூன்று மாதத்தில் விழித்துக்கொள்ளும் கல்லூரிக்கு ஒரு சபலம் வரும். நடக்காத கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவது. இதற்குப் பணியாளர் யாரும் துணைபோகக் கூடாது. நல்ல தரம் பெற லஞ்சம் கைமாறியது என்ற குற்றச்சாட்டில், 2025 பிப்ரவரியில் நேராய்வுக் குழுவினர் சிலரையே மத்திய புலனாய்வுத் துறை கைது செய்தது. பதிவேடு என்பது பெற்றோர் நம்பி ஒப்படைத்த அமானிதம். குறைந்த மதிப்பெண்ணை அடுத்த முறை சரிசெய்யலாம். போன நம்பிக்கையை மீட்பது எளிதல்ல.

குடும்பங்களின் பங்கு

உள்தர உறுதிப் பிரிவில் உள்ளூர்ச் சமூகம், மாணவர்கள், முன்னாள் மாணவர்கள் ஆகியோரின் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும் என்பது விதி. அழைப்பு வந்தால் மறுக்காமல் சென்று, பார்த்த குறையைப் பேசுங்கள்.

அறக்கட்டளைகள் தரும் கல்வி உதவித்தொகையும் மாணவர் நலன் கணக்கில் சேரும். உதவி கிடைத்த பிள்ளைகள் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். படித்து முடித்த மகளுக்கு பி.எட். இடம் கிடைத்தாலோ மகனுக்கு வேலை கிடைத்தாலோ, அந்தச் சேர்க்கைச் சான்றையோ பணி ஆணையையோ துறைக்கு ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள். மாணவர் கருத்துக் கணிப்பு மின்னஞ்சலில் வந்தால் யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காமல், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

சிந்திக்க:

1. உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரி கடைசியாக எந்த ஆண்டு சான்று பெற்றது? அது இன்னும் செல்லுமா?

2. அங்குள்ள உள்தர உறுதிப் பிரிவில் உள்ளூர்ப் பிரதிநிதி யார்?

3. நீங்கள் கல்லூரிப் பணியாளர் என்றால், சென்ற மாதம் உங்கள் பிரிவில் நடந்த ஒரு நல்ல வேலைக்கு ஆதாரம் இன்று உங்கள் மேசையில் இருக்கிறதா?