மகள் தூங்கிய பிறகு வரும் அப்பா

கேள்வி: கணவர் பொலிஸ் குற்றப் பிரிவில் வேலை. மாட்டுக் களவு, வீடுடைப்பு, அடிதடி என்று ஒரே நாளில் ஓடுகிறார். மகள் தூங்கிய பிறகுதான் வருகிறார். ஏன் இப்படி?
– வாசகி, ஈச்சிலம்பற்று

பதில்: அவரை விரட்டுவது மணிக்கூடு, தங்கச்சி. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, பிடியாணையின்றிக் கைதானவரைப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வாய்மொழி முறைப்பாட்டையும் சொன்னவரின் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். மாட்டைப் பறிகொடுத்தவர் அதன் குறிசூட்டை விரலால் மேசையில் வரைந்து காட்டும்போது, கெதியாகச் சொல்லு என்று அதட்டலாமா? அந்தப் பொறுமை ஏழைக்குக் கிடைத்தே ஆகவேண்டும். ஆனால் மகளுக்கும் பங்குண்டு. காலையில் அவள் பள்ளிக்கூடம் போகுமுன் தலைபின்னுவது இனி அப்பாவின் வேலை என்று இன்றிரவே சொல்லிவிடுங்கள்.