வேம்படி நிழலில் சேம்பு

ஆண்டிமடம் வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான். எங்கள் பள்ளியில் நிழலுக்கு இருப்பவை இரண்டு வேப்ப மரங்கள். அவற்றின் அடியில் வைத்த கத்தரியும் வெண்டையும் நெட்டையாக வளர்ந்தன, காய்க்கவில்லை. குளிர்நாடுகளில் இப்படிப்பட்ட நிழலுக்கு ஹோஸ்டா என்னும் அகன்ற இலைச் செடியை வைப்பார்கள். கிழக்காசியச் செடியான அதற்குக் குளிர்கால ஓய்வு தேவை. நம் வெயிலுக்கு ஒத்துவராது. நமக்குச் சேம்பு இருக்கிறது. இலையும் பெரிது, கிழங்கும் கிடைக்கும்.

ஜூனில் பள்ளி திறந்ததும், சந்தையில் வாங்கிய சேப்பங்கிழங்கில் முளைவிட்டவற்றை எட்டாம் வகுப்பு மாணவர்கள் நட்டனர். வேம்படியில் ஒரு பாத்தி, மதிலோர வெயிலில் ஒரு பாத்தி. இரண்டிலும் ஒன்றரை அடி இடைவெளி, ஒரே அளவு மக்கிய எரு, ஒரே அளவு தண்ணீர்.

நடும் முன்பே, எந்தப் பாத்தியில் இலை பெரிதாகும் என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். வெளிச்சம் குறைந்தால் உணவு குறையும், இலையும் சிறுக்கும் என்றே பலர் எழுதினர். செப்டம்பரில் இலையைப் பறிக்காமல், அடியில் வரைபடத்தாளைப் பிடித்து விளிம்பை வரைந்து கட்டங்களை எண்ணினர். பாதிக்கு மேல் மூடிய கட்டம் ஒன்று, குறைந்தது பூஜ்யம். நிழல் இலைதான் அகலம். காம்பும் நீளம், தடிமன் மட்டும் குறைவு.

“பாடத்துல இருக்கிறது தப்பா சார்?” என்றாள் ஒரு மாணவி. ‘இது விதிவிலக்கு’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் பாடம் அங்கேயே முடிந்திருக்கும். கிடைக்கும் கொஞ்ச ஒளியைப் பிடிக்கச் செடி இலையை விரிக்கிறது. ஆனாலும் மொத்த ஒளி குறைவுதான். அப்படியானால் கிழங்கு எதில் அதிகம்? மீண்டும் எழுதினார்கள். இம்முறை பெரிய இலைக்கே ஆதரவு!

பொங்கல் விடுமுறைக்கு முன் தோண்டி எடை போட்டோம். வெயில் பாத்திதான் கனத்தது.

எச்சரிக்கை: சேம்பின் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கை அரிக்கும், பச்சையாக வாயில் வைத்தால் தொண்டை எரியும். தோண்டும்போது கையுறை அவசியம். கிழங்கை நன்றாக வேகவைத்துப் புளி சேர்த்துச் சமைக்க வேண்டும்.

எங்கள் சோதனையில் ஒரு குறை உண்டு. அதைக் கண்டுபிடித்ததும் மாணவர்களே. வேம்பின் வேர் நிழல் பாத்தியின் தண்ணீரைக் குடித்திருக்கலாமே! வரும் ஜூனில் இரு பக்கமும் சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி நடப்போகிறோம்.