பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இயங்குதளம் நிறுவுவதும் அப்டேட் செய்வதும்: முழுமையான வழிகாட்டி

செய்முறைத் தேர்வு நெருங்கும்போது ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து பழுது பார்க்கும் ஆசிரியர்கள் பல பள்ளிகளில் இருக்கிறார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஒரு கணினியை முழுமையாக அமைத்து, அதை மற்றவற்றுக்கு நகலெடுத்து, அப்டேட்டையும் முதலில் அதிலேயே சோதித்துப் பார்த்தால், இருபது கணினிகளை ஓர் ஆசிரியரே பராமரிக்க முடியும்.

படி 1: கணக்கெடுங்கள்

ஒவ்வொரு கணினிக்கும் எண் கொடுத்து சி.பி.யூ. மீது ஒட்டுங்கள். அதன் மாடல், ரேம், ஹார்ட் டிஸ்க் அளவு, வாரண்டி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். ஒரே மாடல் கணினிகளை ஒரு குழுவாகப் பிரியுங்கள். அரசு வழங்கிய கணினிகள் என்றால், இயங்குதளத்தை மாற்றும் முன் தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் அனுமதி பெறுங்கள். மாணவர்களின் கோப்புகளைத் தனியே சேமித்து வையுங்கள். புதிதாக நிறுவும்போது டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.

படி 2: இயங்குதளத்தைத் தேர்ந்தெடுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் ஆகியவை வேண்டும். பழைய கணினிகள் பல இந்தச் சிப்பிலேயே தடுக்கி நின்றுவிடுகின்றன.

அவற்றுக்கு லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏற்றது. குறைந்தபட்சம் 2 ஜி.பி. ரேம் போதும், 4 ஜி.பி. இருந்தால் தடையில்லாமல் ஓடும். இதற்குக் கட்டணம் இல்லை. 2029 வரை அப்டேட் கிடைக்கும். பிளஸ் 1 மாணவர்களின் சி++, பிளஸ் 2 மாணவர்களின் பைத்தான் இரண்டுமே இதில் நன்றாக இயங்கும்.

படி 3: மாதிரிக் கணினியை உருவாக்குங்கள்

ஒரு குழுவில் நல்ல நிலையில் உள்ள கணினி ஒன்றில் பென் டிரைவ் மூலம் மின்ட்டை நிறுவி, அப்டேட் அனைத்தையும் முடியுங்கள். லிப்ரே ஆபீஸும் பைத்தானும் அதிலேயே வரும். சி++ கம்பைலரையும், சிறுவர்களுக்கான கல்வி மென்பொருளான ஜிகாம்ப்ரிஸையும், தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயனர் கணக்கு இரண்டு வேண்டும். நிர்வாகிக் கணக்கு ஆசிரியருக்கு மட்டும். மாணவர் கணக்கில் புதிய மென்பொருள் நிறுவும் உரிமை இருக்கக் கூடாது. ஒரு பாடவேளை முழுவதும் மாணவர்களை அதில் வேலை செய்ய வைத்து, தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர், இணையம் எல்லாவற்றையும் சோதியுங்கள். இங்கே விட்ட குறை ஒவ்வொன்றும் எல்லாக் கணினிகளுக்கும் பரவும் என்பதால் இந்தப் படியில் அவசரம் வேண்டாம்.

படி 4: இமேஜ் எடுத்துப் பரப்புங்கள்

குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, மாதிரிக் கணினியின் டிஸ்கை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்கில் இமேஜாகச் சேமியுங்கள். அதற்கு முன் மெஷின்-ஐடி கோப்பின் உள்ளடக்கத்தை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லா நகல்களும் ஒரே அடையாளத்துடன் நெட்வொர்க்கில் நுழைந்து குழப்பம் உண்டாகும். விண்டோஸ் என்றால் இமேஜ் எடுக்கும் முன் சிஸ்பிரெப் கருவியை இயக்க வேண்டும்.

இமேஜை முதலில் ஒரே ஒரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். அது சரியாக இயங்கிய பிறகு மற்றவற்றுக்குச் செல்லுங்கள். ஏற்றப்படும் டிஸ்க், மூல டிஸ்கைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இந்த நேரத்தில் யூ.பி.எஸ். கட்டாயம், பாதியில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டிவரும். முடிந்ததும் ஒவ்வொரு கணினிக்கும் அதன் எண்ணையே பெயராக வையுங்கள். இமேஜின் இரண்டு பிரதிகளைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

படி 5: அப்டேட்டுக்கு ஒழுங்கு வகுத்துக்கொள்ளுங்கள்

2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை உரிய நேரத்தில் போட்டவர்கள் தப்பினார்கள்.

• மாதம் இருமுறை, பள்ளி முடிந்த பிறகு, குறித்த நாளில் அப்டேட் செய்யுங்கள்.

• முதலில் மாதிரிக் கணினியில் டைம்ஷிஃப்ட் மூலம் மீட்புப் புள்ளி எடுத்துவிட்டு அப்டேட் போடுங்கள். சில நாள் பார்த்து, சிக்கல் இல்லை என்றால் மற்றவற்றுக்கும் போடுங்கள்.

• இணைய வேகம் குறைவு என்றால், ஆசிரியர் கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். மற்ற கணினிகளில் அதன் முகவரியை அமைத்துவிட்டால், ஒருமுறை இறக்கிய அப்டேட்டை அவை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

• செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரமும் தேர்வு நாட்களிலும் எதையும் மாற்றாதீர்கள். பதிப்பு மாற்றத்தைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பதிவேடு எழுதுங்கள்

எந்தக் கணினியில், எந்தத் தேதி இமேஜ், எப்போது அப்டேட், என்ன கோளாறு என்று எழுதி வையுங்கள். நிர்வாகிக் கடவுச்சொல்லை மூடிய உறையில் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். உங்களுக்கு இடமாறுதல் வந்தாலும் ஆய்வகம் நிற்கக் கூடாது. அதனால் இன்னொரு ஆசிரியருக்கும் இந்த முறையைக் கற்றுக்கொடுங்கள்.

வீட்டில் கணினி இல்லாத மாணவருக்குப் பள்ளி ஆய்வகம்தான் ஒரே வாய்ப்பு. அங்கே ஒரு கணினி பழுதாகிக் கிடந்தாலும் ஒரு மாணவரின் பயிற்சி நேரம் போய்விடுகிறது. விடுமுறை வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கணக்கெடுப்பைத் தொடங்குங்கள். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.