பயம் எங்கே இருக்கிறது?

கேள்வி: அந்தக் காலச் சிறுகதைகளில் வரும் பயத்துக்கும் இப்போதைய கதைகளில் வரும் பயத்துக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், இராஜபாளையம்.

பதில்: புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை இன்று ராத்திரியில் தனியாகப் படித்தாலும் உடம்பு சிலிர்க்கும். 1943இல் வந்த கதை. பேய் நேரே வந்து மிரட்டுவதில்லை. வீட்டுக்குள் ஒரு வாடை வருகிறது. வேலைக்கு வந்தவள் யார் என்று ஆசிரியர் கடைசிவரை தீர்த்துச் சொல்லவே இல்லை. அதனால்தான் புத்தகத்தை மூடிய பிறகும் பயம் போகமாட்டேன் என்கிறது.

அசோகமித்திரன் ‘புலிக்கலைஞன்’ கதையில் வேறு வேலை செய்தார். சினிமா கம்பெனிக்கு வாய்ப்புக் கேட்டு வந்த ஆள், அறைக்குள் புலியாகவே மாறிப் பாய்கிறான். பார்த்தவர்கள் வெலவெலத்துப் போகிறார்கள். வேஷம் கலைந்ததும் மிஞ்சுவது அவன் வறுமை. உங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காடு 2021இல் புலிகள் காப்பகமானது. அந்தப் புலிகளைவிட இந்தப் புலிதான் என்னைக் கலங்கடித்தது.

இமையத்தின் ‘பெத்தவன்’ கதையில் பேயும் இல்லை, புலியும் இல்லை. சாதி மாறிக் காதலித்த மகளைக் கொன்றுவிடு என்று தகப்பனை நெருக்கும் ஊர்தான் பயம். பொழுது விடிந்தால் தெளிகிற பயமில்லை அது. மூன்றையும் இதே வரிசையில் படித்துவிட்டு எழுதுங்கள்.