கலங்கல் நீர் தெளிவது எவ்வாறு?

மழை ஓய்ந்த மறுநாள் சுங்கை சோ வட்டாரத்து ஓடைகளில் செந்நிறக் கலங்கல் பெருகி ஓடுவதை நாம் காண்கிறோம். ரவாங், செரண்டா பகுதிகளின் நீர் சிலாங்கூர் ஆற்றோடு கலந்து, கோலசிலாங்கூரில் கடலை அடைகிறது. இடையில் அந்த ஆற்று நீரே சுத்திகரிப்பு நிலையங்களில் தெளிவிக்கப்பெற்றுக் குழாய் நீராகிறது. அத்தெளிவிற்குத் துணைபுரிவது படிவுத் தொட்டியாகும்.

ஓடும் நீர் மண்ணைச் சுமக்கும். ஓய்ந்த நீர் அதனை இறக்கிவிடும். இதுவே தத்துவம். ஆயினும், எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, 0.1 மில்லிமீட்டர் மணலுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு 3 மணி நேரம் வேண்டும். அதனினும் பத்து மடங்கு நுண்ணிய களிமண்ணுக்கோ 12 நாட்களுக்கு மேலாகும்.

அத்தனை நாள் காத்திருக்க இயலாது. ஆகவே படிகாரம் சேர்க்கப்படுகிறது. ரப்பர்ப் பாலில் பார்மிக் அமிலம் கலந்ததும் நுண்துகள்கள் ஒன்றுகூடித் திரள்வதை நாம் அறிவோம். அவ்வாறே படிகாரம் களிமண்ணைத் திரட்டுகிறது. திரண்டது விரைந்து படிகிறது. நம் முன்னோர் குடத்தினுள் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைத்ததும் இத்தகைய முறையே.

தொட்டியை ஆழமாக்கினால் தெளிவு மிகுமா? மிகாது என 1904-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் விளக்கினார். 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உடைய தொட்டியின் பரப்பு 100 சதுர மீட்டர். அதில் மணிக்கு 100 கன மீட்டர் நீரைச் சீராகச் செலுத்தினால், மணிக்கு 1 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் இறங்கும் துகள்கள் யாவும் படிந்துவிடும். ஆழத்தை இரட்டித்தால் நீர் தங்கும் நேரம் இரட்டிக்கும். துகள் இறங்கவேண்டிய தூரமும் இரட்டிக்கும். எனவே, பரப்பே முதன்மையானது. நீர் புகும் முனையில் துளையிட்ட தடுப்பு, வேகத்தைத் தணிக்கும். தெளிந்த நீர் மறுமுனை விளிம்பில் வழியும். அடிச்சேறு அவ்வப்போது அகற்றப்படும்.

எனினும், நீரில் கரைந்த நஞ்சு படிவதில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த தொழிற்சாலைக் கழிவின் துர்நாற்றத்தால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. இலட்சக்கணக்கான இல்லங்கள் நீரின்றித் தவித்தன.

கிருமிகளும் படிவதால் மட்டும் அழிவதில்லை. ஆகவே, வீட்டில் தெளியவைத்த நீரை மேலாக வடித்துக் கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும். களைக்கொல்லியையும் எண்ணெயையும் ஓடையில் கொட்டாதிருப்போம். நம் ஓடையில் விழுவது, நாளை எவருடைய குடத்தையும் அடையக்கூடும்.