கூகையும் காட்டுப்பூனையும்

நெல்லுக்கும் கரும்புக்கும் கேடு செய்யும் உயிர்களுள் எலி முதன்மையானது. அதனை ஒழிக்க நாம் நஞ்சையும் பொறியையும் நாடுகிறோம். கூலி கேளாத காவலர் இருவரை மறந்துவிடுகிறோம். அவர்கள் கூகையும் காட்டுப்பூனையும் ஆவர். சென்னையில் 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டில் காட்டுப்பூனை வாழ்கிறது. அடையாற்றுச் சோலைகளிலும் மயிலைப் பகுதியிலும் கூகை உண்டு. மாநகர நெருக்கடியிலும் பிழைத்திருக்கும் இவற்றுக்கு நம் சிற்றூர்களில் இடமில்லாமற் போகலாமா?

இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குவோம்.

கூகை இரவில் வேட்டையாடும். பகலில் அது காக்கைக்குத் தோற்கும் என்பதைத் திருவள்ளுவரே எடுத்துக்காட்டியுள்ளார். அதன் இரு செவிகளும் ஒரே மட்டத்தில் அமைந்தவை அல்ல. ஆதலின் காரிருளிலும் ஒலியைக் கொண்டே எலியின் இடத்தை அறியும். சிறகோசையின்றிப் பாய்ந்து பற்றும். காட்டுப்பூனையோ பகலிலும் அந்தியிலும்கூட இரை தேடும். பதுங்கிச் சென்று தாவிப் பிடிக்கும். நீண்ட கால்களும், கருவளையமுள்ள குட்டை வாலும் அதன் அடையாளங்கள்.

அறுவடையான திறந்த வயலில் கூகைக்கே வெற்றி. பயிர் அடர்ந்து உயர்ந்தபின் மேலிருந்து பாய்வது கடினம். அப்போது கரும்புத் தோட்டத்திலும் கோரைப் புதரிலும் நுழைந்து எலியைப் பிடிப்பது காட்டுப்பூனையே. ஆகவே ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது.

இனப்பெருக்கத்தில் கூகை முந்துகிறது. அது பெரும்பாலும் 4 முதல் 7 முட்டைகள் இடும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவை பொரியும். காட்டுப்பூனை சுமார் 2 மாதம் சுமந்து பெரும்பாலும் 3 குட்டிகளை ஈனும். கூகைக்குக் கூண்டு அமைத்தும் பெருக்கலாம். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இம்முறை கையாளப்படுகிறது. காட்டுப்பூனைக்கு வேண்டுவது புதர் ஒன்றே.

இவ்விரண்டுக்கும் பொதுப்பகை நாம் வைக்கும் நஞ்சு. புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி சில நாட்கள் தளர்ந்து திரியும். அதனைப் பிடித்துண்ணும் காவலரும் மடிவர். எஞ்சிய எலிகளோ ஏறத்தாழ 3 வாரச் சினையில் குட்டி போட்டு மீண்டும் பெருகும். இதனால் இழப்பு நமக்கே.

கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிவோர் உளர். அது வெறும் மூடநம்பிக்கை. காட்டுப்பூனை சில வேளை கோழியைக் கவர்வது உண்மையே. அதற்கு மருந்து இரவில் உறுதியான கூட்டில் கோழியை அடைப்பதேயன்றிக் கொலையன்று. இவற்றை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

ஊராட்சி அங்கத்தினர்கள் கிராம சபையில் மூன்று செயல்களை வற்புறுத்தலாம். வயலில் கூகை அமர ‘டி’ வடிவக் கம்புகளை நடுதல்; ஓடைக்கரைப் புதர்களையும் பொந்துள்ள முதுமரங்களையும் காத்தல்; நஞ்சுக்கு முன் வரப்பைச் சிறிதாக்கி, வளையைத் தோண்டி, கிட்டி வைத்து எலியைப் பிடித்தல். செலவு சிறிது, பயனோ களஞ்சியம் நிறைய வரும்.