எழுதுகிற புது ஆசிரியர்களுக்கு

பணி நியமன ஆணை கைக்கு வந்ததும் எழுதுகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “டீச்சர், இனிமே எழுத நேரம் கிடைக்குமா?” கிடைக்கும். முதல் வருடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. மீதியையும் கேட்டுவிட்டு வாடலாம்.

1. முதல் வருடம் நாவல் தொடங்காதீர்கள். உங்கள் வகுப்பில் பாடம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் புதிது. பாடக்குறிப்பு எழுத வேண்டும், கட்டுரை நோட்டு திருத்த வேண்டும், எமிஸ் செயலியில் வருகைப் பதிவு போட வேண்டும். நெட்வொர்க் இல்லாத ஊர் என்றால் அதற்கு மொட்டை மாடிக்கும் ஏற வேண்டும். அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தும்போது பாதி உழைப்பு போதும். மிச்சமாகும் அந்த நேரம்தான் உங்கள் நாவலுக்கு. தகுதிகாண் பருவம் முடியும் வரை கதை, கட்டுரை, புத்தக மதிப்புரை என்று சின்னதாக எழுதி வாருங்கள்.

2. வேலை எழுத்தைக் கொன்றுவிட்டது என்று யாரிடமும் புலம்பாதீர்கள். பாரதிதாசன் 1946 வரை புதுச்சேரியில் பள்ளி ஆசிரியர். தி. ஜானகிராமன் வானொலிக்குப் போகும் முன் பள்ளியில் பாடம் நடத்தியவர். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டேதான் நாவல்கள் எழுதினார். அவருடைய ‘செல்லாத பணம்’ 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பெருமாள்முருகன் அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்தினார். இவர்களுக்கும் விடைத்தாள் கட்டு வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

3. எழுதும் நேரத்தை யாரிடமிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆசிரியர் எழுத்தாளரின் நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டில் இன்னொருவர் கூடுதலாக வேலை செய்தால்தான் அது உண்டாகும். “அப்பா எழுதுறார், சத்தம் போடாதீங்க” என்று பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, அடுப்பையும் பார்த்துக்கொண்டு, அந்த அம்மாவும் காலையில் வேலைக்குக் கிளம்புகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தம்பிகளே, ஞாயிற்றுக்கிழமை காலைச் சமையல் உங்களுடையது. மார்க்கெட்டுக்குப் போய், சமைத்து, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு மேசைக்குப் போங்கள். கதை ஒன்றும் கெட்டுப்போகாது.

தங்கைகளுக்கு வேறு சொல்ல வேண்டும். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த நேரத்தில் எழுத்து வராது, தூக்கம்தான் வரும். இந்த ஒரு மணி நேரம் என்னுடையது என்று பகலிலேயே வாய் திறந்து கேளுங்கள். மாமியார், கணவர், பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கட்டும். மகப்பேறு விடுப்பை அரசு 2021இல் ஒரு வருடமாக உயர்த்தியபோது, “ஒரு வருஷம் லீவு, ஒரு நாவலே எழுதிடலாமே” என்று ஓர் இளம் ஆசிரியையிடம் ஒருவர் சொன்னார். ராத்திரியில் கைக்குழந்தைக்காக எழுந்த பழக்கம் அவருக்கு இல்லை போலிருக்கிறது.

4. முடிந்தவர்கள் பள்ளிக்குப் போகும் முன் எழுதுங்கள். ஏழெட்டுப் பீரியட் பேசிவிட்டு வந்தால் தொண்டையோடு மூளையும் வறண்டிருக்கும். மாலையில் படிக்கலாம், திருத்தலாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்குங்கள்.

5. சொந்த மாவட்டத்தில் வேலை கிடைக்காதவர்களுக்கு ஒரு சொல். கன்னியாகுமரிப் பிள்ளைக்குக் கிருஷ்ணகிரியில் பணியிடம் வந்தால் அது தண்டனை இல்லை. தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழ் தினமும் காதில் விழும். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு கேட்டதை அன்றன்றே குறித்து வையுங்கள். மாறுதல் கலந்தாய்வில் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பேச்சு காதில் நிற்காது.

ஆனால் குடும்பம் ஓர் ஊரிலும் நீங்கள் இன்னோர் ஊரிலும் இருந்தால், வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது எழுத்து வேலையைக் கொண்டுபோகாதீர்கள். அறையில் தனியாக இருக்கும் வாரநாள் மாலைகள் அதற்குப் போதும்.

6. மாணவர்களைக் கதையாக்க அவசரப்படாதீர்கள். புது ஆசிரியர் எழுதும் கதை பெரும்பாலும் இதுதான்: குடிகார அப்பா, பசியோடு வரும் சிறுமி, கண் கலங்கும் ஆசிரியர். அந்தச் சிறுமி உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறாள். ஊர் சின்னது. பெயரை மாற்றினாலும் தெருவை வைத்து, அப்பாவின் தொழிலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். இடைவேளையில் நம்பிச் சொன்னது இதழில் அச்சாகி வந்தால் அவள் இனி எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்க மாட்டாள். அவள் பள்ளியை முடித்துப் போகட்டும். சில வருடங்கள் கழித்தும் அந்தக் கதை உங்களை விடவில்லை என்றால், அவளை யாரும் அடையாளம் காண முடியாதபடி எழுதுங்கள். இப்போதே எழுதியாக வேண்டும் என்றால் ஸ்டாஃப் ரூமைப் பற்றி எழுதுங்கள். அங்கே இருப்பவர்கள் பெரியவர்கள், தாங்கிக்கொள்வார்கள். தாங்காவிட்டால் அது உங்கள் பாடு.

7. அரசுப் பள்ளிக்காரர்கள் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். புத்தகம் போடுவதற்கு முன் அலுவலகத்தில் கேட்பதை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி நகலைப் பத்திரப்படுத்துங்கள். புனைபெயர் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். புனைபெயர்க்காரர் யார் என்று முதலில் கண்டுபிடிப்பது பக்கத்து மேசை ஆசிரியர்தான்.

8. உங்கள் புத்தகத்தை மாணவர் தலையில் கட்டாதீர்கள். வெளியீட்டு விழாவுக்குக் கை தட்ட அவர்களை அழைத்துப் போகவும் வேண்டாம்.

9. பெரிய வேலைக்கு மே மாதம். காலாண்டு, அரையாண்டு விடுமுறையை நம்ப வேண்டாம், விடைத்தாள் கட்டும் கூடவே வீட்டுக்கு வரும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்த பிறகுதான் உங்களுக்குக் கோடை. அதிலும் பாதி பிள்ளைகளுக்கு. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்துவிட வேண்டும் என்று அரைகுறைப் பிரதியைப் பதிப்பாளரிடம் தள்ளாதீர்கள். அடுத்த ஜனவரியிலும் புத்தகக் காட்சி உண்டு.

10. எழுத்தையும் குடும்பத்தையும் ஒரே நேரத்தில் தின்பது பள்ளி இல்லை, கூட்டங்கள்தான். ஆசிரியர் என்றால் நன்றாகப் பேசுவார் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. நூல் அறிமுகம், பட்டிமன்றம், நினைவஞ்சலி என்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அழைத்தவர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொண்டு வேறொருவரை அழைப்பார், கூட்டம் நன்றாகவே நடக்கும்.